வால்வுக்கு வைத்த சந்தனம்

ஆவிப்பெட்டியின் வால்வில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் ஆவியில் இட்லி வேகவைக்கும் அந்தப் பெட்டியை முதலாளியிடம் சொல்லி வாங்க வைத்தவனே, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு அங்கே வேலையும் பார்த்த நான்தான். ஆயுதபூஜைக்கு மறுநாள் வால்வு மூடாமல் ஆவியெல்லாம் வெளியே போக, இட்லி மாவாகவே கிடந்தது.

"சாயங்காலமும் இப்டியே புஸ்ஸுன்னுகினு இருந்தா, எடைக்குப் போட்டுட்டு பழைய குண்டானையே வெச்சுடுவேன்," என்றார் முதலாளி.

"மாஸ்டர், பூஜைக்குச் சந்தனம் எங்கெங்க வெச்சீங்க?" என்று சமையல் மாஸ்டரைக் கேட்டேன்.

"மிஷினுக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு யாருக்குப்பா தெரியும்? எல்லாத்துக்கும் வெச்சேன். மேல அந்தச் சின்ன மூடியத் தூக்கி உள்ளயும் ஒண்ணு வெச்சேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெட்டி ஆறியதும் வால்வைக் கழற்றினேன். அதன் சின்ன மூடி உட்காரும் இடத்தில் சந்தனம் கட்டியாக ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினேன்.

"இப்ப மூடுமா?" என்றார் முதலாளி.

"ஆங், மூடணுங்க."

மாஸ்டர் ஒரே ஒரு தட்டில் மாவு ஊற்றித் தந்தார். உள்ளே வைத்துவிட்டு, தீப்பெட்டியை எடுத்தேன்.