எதிர்வீட்டில் மாட்டிக்கொண்ட பெங்களூர் பயணம்

லொடக்... லொடக்...

எதிர்வீட்டுப் பூட்டை நான் ஆட்டுகிற சத்தம் வீதி முழுக்கக் கேட்டது. பூட்டு அசைந்ததே தவிர, மாமியைக் காணோம்.

உள்ளே எங்கள் கைப்பை. அதற்குள் எங்கள் மூன்று பேருடைய அடையாள அட்டைகள்.

பெங்களூரில் அக்காவுக்கு அன்று மத்தியானம் சிசேரியன். காலையில்தான் திடீரென்று முடிவு செய்திருந்தார்கள். "அம்மா வராம நான் உள்ள போமாட்டேன்" என்று போனில் ஒரே அழுகை. ரோட்டில் போனால் பொழுது சாய்ந்துவிடும். திருச்சியிலிருந்து ஃப்ளைட்டில் ஒரு மணி நேரம்தான். அப்பா யோசிக்காமல் டிக்கெட் போட்டார். எங்கள் எல்லாருக்கும் அதுதான் முதல் ஃப்ளைட்.

ஆனால் ஸ்ரீரங்கத்து அம்மாவாயிற்றே! கிளம்பும் நேரம் ராகு காலம். விடுவாளா? பரஸ்தானம் வைத்துவிட்டாள். அதாவது, நல்ல நேரத்திலேயே ஒரு பையை வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை.

எந்தப் பையை வைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமோ? கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டாள். மாமியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரத்துல பெங்களூருக்கே போயிடலாம்... எதிராத்துக்குள்ள போக முடியலையே!"

"அபசகுனமா பேசாதேங்கோ" என்றாள் அம்மா.

நான் கோயிலுக்கு ஓடினேன். தாயார் சன்னதியில் மாமி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"மாமி, சாவி!"

"ஏன்டி இப்படிப் பறக்கறே? தீர்த்தம் வாங்கிண்டு வந்துடறேன்."

"மாமி, அக்காவுக்கு ஆபரேஷன்... பை உங்காத்துல மாட்டிண்டிருக்கு!"

அவ்வளவுதான். இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கொடுத்தார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. எனக்கு இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. கவுன்ட்டரை மூடப் போகிற நேரத்தில் மூச்சிரைக்கப் போய் நின்றோம்.

சின்ன ஃப்ளைட். ஜன்னலில் காவிரியைத் தேடுவதற்குள் மேகம் வந்துவிட்டது. புளியோதரை டப்பாவைத் திறக்கலாமா என்று அம்மா யோசித்து முடிப்பதற்குள் இறங்கப் போவதாகச் சொன்னார்கள்.

"அதுக்குள்ளயா?"

அங்கே ஏர்போர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பறந்ததைவிட அதிக நேரம். அடக்கடவுளே, அந்த டிராஃபிக்! அம்மா வழியெல்லாம் ரங்கா ரங்கா என்று முனகிக்கொண்டே வந்தாள்.

லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. அம்மா ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள். "வந்துட்டியாம்மா..." என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

கதவு மூடியதும் அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தேளா? பரஸ்தானம் வச்சதாலதான் நேரத்துக்கு வந்தோம்."

அப்பா புளியோதரை டப்பாவைத் திறந்தார்.

இப்போது நானும் பெங்களூரில்தான் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக. இன்றைக்கும் அதே ஒரு மணி நேரம்தான்... டிக்கெட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டுவிடலாம். ஆனாலும் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடிவிட்டன. சொல்லும்போதெல்லாம் எனக்கே என்னவோ செய்யும்.

இன்று காலை அம்மாவிடமிருந்து போன்.

"நாள் நன்னாயிருக்குடி. என் பையை எதிராத்துல வச்சுட்டேன்."

"எங்கேம்மா கிளம்பறே?"

"உன்னண்டதான். நான் கிளம்பியாச்சு... டிக்கெட்டை நீ போடு."