முடிச்சுப் போட்ட புத்தகம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பாட்டுப் புத்தகம்தான். பள்ளிக்கூடம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு பலாமரத்தை ஒட்டிப் புல் வேய்ந்த கொட்டகை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அடிவாரத்து ஊரில் தங்கி அந்த அளவுக்குப் படித்தேன். அப்போது அந்தப் பக்கத்து மலைக்காரர்களில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லாததால் என்னை வாத்தியாராக்கி உட்கார வைத்தார்கள்.

காலையில் பிள்ளைகள் வருவார்கள். மழை பிடித்துக்கொண்டு காட்டுவேலை நின்றுபோகும் நாட்களில் மதியத்துக்கு மேல் பெரியவர்கள் வருவார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பெரியவர்களின் வகுப்பைப் பற்றி.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துவேன். பின்னாலிருந்து யாராவது ஒருவர், "வாத்தியாரே, பலகைக்குப் பாடம் வந்திருச்சுங்க. இனி எங்க பக்கம் திரும்புங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பலகையைப் பார்த்தே சிரிப்பேன்.

பாட்டுப் புத்தகத்தை அடிவாரத்தில் மிளகு வாங்கும் ராவுத்தர் கொடுத்தார். "எழுத்து பெருசா இருக்குது. உங்க ஆளுகளுக்கு ஆவும், கொண்டு போங்க" என்றார். மட்டக் காகிதம், தைத்த நூல் பிரிந்து கிடந்தது. ஆனால் எழுத்துகள் நிஜமாகவே பெரியவை. வகுப்பு முடிந்ததும் அதை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போவார். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்து, தான் படித்துவைத்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். பிறகு அடுத்தவர் முறை.

அடுத்த தடவை சந்தைக்குப் போனபோது ராவுத்தர் கடைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் புத்தகத்தை வெள்ளைக்காரச் சர்க்கார் தடை செய்துவிட்டதாம். அச்சடித்தவரைப் பிடித்துவிட்டார்களாம். வைத்திருந்தாலே குற்றமாம். "கொளுத்திப் போடுங்க. என் கடையையும் கிளறிப் பார்த்துட்டுத்தான் போனாங்க. மேலேயும் வருவாங்க" என்றார்.

மலையேறி வந்து அன்றைய வகுப்பில் அதைத்தான் பாடமாகச் சொன்னேன். சர்க்காருக்குப் பிடிக்காததை எழுதினால் அந்தப் புத்தகத்தை அச்சடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போடுவார்கள் என்றேன்.

"புஸ்தகம் கடிக்குமாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"படிச்சவங்க கேள்வி கேட்பாங்கன்னு பயம்" என்றேன்.

"நாம படிச்சோம். என்ன கேட்டோம்? கஞ்சி எப்பன்னுதான் கேட்டோம்."

சிரிப்பு அடங்கியதும், அப்போது புத்தகத்தை முறைக்கு வைத்திருந்தவர் பேசினார். சாமை விதைத்துப் பிழைக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். விரலை எழுத்தின்மேல் வைத்து, வழுக்குப் பாறையில் கால் வைத்து ஏறுகிறவர் மாதிரி ஒவ்வோர் எழுத்தாக ஏறிப் படிப்பவர்.

"அப்படீன்னா முடிச்சுப் போட்ட மரம் மாதிரிங்களா?" என்றார்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு விட்ட பலாமரமோ, ஒருவர் தேனுக்குப் பார்த்து வைத்த பொந்தோ, தொடக் கூடாது என்றால் அதில் காய்ந்த புல்லைத் திரித்து இலையோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பிறகு யாரும் கை வைக்க மாட்டார்கள். முடிச்சைப் பற்றி ஊர் கேட்டால் போட்டவர்தான் முன்னால் வந்து நிற்க வேண்டும். நின்றால் பொய் சொல்லக் கூடாது.

"ஆமாங்க மாமா, அது மாதிரிதான்" என்றேன். "ஆனா இதை எரிச்சிடலாமுங்க."

"கடைசிப் பாட்டு பாக்கி இருக்குது. முடிச்சுட்டு எரிச்சுப்போடறேன் வாத்தியாரே."

மூன்றாம் நாள் பகலில் ஓர் ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் மலையேறி வந்தார்கள். வழி காட்ட எங்கள் ஊர்த் தலையாரியே கூட வந்தார். கொட்டகையைப் புரட்டினார்கள், ஒன்றுமில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, படிக்க வருகிறவர்களின் வீடுகளைப் பார்த்தார்கள். மாமா வீட்டிலும் எதுவும் அகப்படவில்லை. ஏட்டு களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார். ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியைச் சாத்தி வைக்கப் பரணுக்கடியில் இருந்த சாமைப் பானையை நகர்த்தப் போனார்.

தலையாரி பதறிப்போனார். "ஐயா, ஐயா, அதைத் தொட்டுப்போடாதீங்க! முடிச்சுப் போட்டிருக்குதுங்க!"

பானையின் கழுத்தில் புல் முடிச்சு இருந்தது. புத்தகம் விலக்கப்பட்டது என்று நான் சொன்னதால், மனைவியோ பிள்ளையோ தெரியாமல் தொட்டுத் தீங்கு வந்துவிடக் கூடாது என்று மாமா போட்டது. தலையாரி காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு ஆகாதது நேர்ந்துவிடப் போகிறதே என்றுதான் தடுத்தார்.

ஏட்டு தண்ணீரைக் கீழே வைத்தார். முடிச்சை அறுத்துச் சாமைக்குள் கை விட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"யாருதுடா இது?"

"நான் கொடுத்ததுங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"என்னய்யா முணுமுணுக்கிறே?"

"நான் கொடுத்தது" என்று மறுபடி சொன்னேன்.

மாமா முன்னால் வந்து நின்றார். "அவரு ஒண்ணும் பண்ணலீங்க. முடிச்சுப் போட்டது நானுங்க. என்னையக் கேளுங்க."

ஏட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். கோவணமும் கம்பளியும். இந்த ஆளைச் சரிவில் இறக்கிக் கோர்ட்டு வரை கொண்டுபோகும் அலுப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"இங்கே பாரு. உனக்கு எழுத்துத் தெரியாது. எவனோ கொண்டாந்து உன் வீட்டில் போட்டுட்டுப் போயிட்டான். அப்படித்தானே? தெரியாதுன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சுட்டுப் போ."

ஒரு வார்த்தை போதும், அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். தெரியாதுங்க என்று சொல்லுங்கள் மாமா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவருடைய மனைவி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் உதடுகளும் அதையே சொல்லின.

மாமா அறுந்து கிடந்த முடிச்சைப் பார்த்தார். "தெரியுமுங்க" என்றார்.

"படி, பார்க்கலாம்" என்று ஏட்டு புத்தகத்தை நீட்டினார்.

மாமா கடைசிப் பாட்டைத்தான் எடுத்தார். விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஏறி, எங்கும் வழுக்காமல் படித்தார். வகுப்பில் ஒரு நாளும் அவர் அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை. பாட்டு முடியும்வரை ஏட்டு தடுக்கவில்லை. முடிந்ததும் கைகளைக் கட்டச் சொன்னார்.

"உன்னைப் பிறகு பார்த்துக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். பிறகு யாரும் வரவில்லை.

மாமாவுக்கு ஆறு மாதத் தண்டனை போட்டார்கள். சாமை அறுப்புக்கு முன்பே ஜெயிலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். சேதி வந்து, நாங்கள் இறங்கிப் போவதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெரியவர்கள் யாரும் அதன் பிறகு மழை நாளில் கொட்டகைப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் அவருடைய மனைவி விறகுச் சுமையைப் பலாமரத்தடியில் இறக்கிவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, அன்னிக்கு அவரு படிச்சது பயத்துல எங்காதுல ஏறலீங்க. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க. கேட்டாத் தீங்கு வந்துருமுன்னுட்டாரு."

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நடந்தும் அவருக்கு அது தெரியாது என்று. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "காட்டைச் சர்க்கார் பூட்டிக்கிட்டாங்கன்னு ஒரு பாட்டுங்க அத்தை. விறகுக்கும் தேனுக்கும் சீட்டுக் கேட்கிறாங்க, ஆடு உள்ளே போனாப் பட்டியில் அடைக்கிறாங்கன்னு. விளைஞ்சாலும் விளையலேன்னாலும் தீர்வை கட்டச் சொல்றாங்கன்னு ஒரு பாட்டு. உப்புக்குக்கூட வரி போடறாங்கன்னு ஒண்ணு."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

இன்னும் ஏதோ இருக்கிறது, நான் மறைக்கிறேன் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கூட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியுமுங்களே" என்றார்.

அவர் அழவில்லை. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "பாரஸ்டு கார்டு வர்ற நேரமுங்க. கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்றார். சுமையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன்.