கொலைகாரன் யாரென்று சொல்ல மாட்டேன்

புதிதாக எதுவும் வாங்காமல், அலமாரியில் படிக்காமல் கிடக்கும் பழைய புத்தகங்களை இந்த ஆண்டுக்குள் முடிப்பதென்று சவால் எடுத்திருந்தேன். பாதி முடித்தும்விட்டேன். ஆனாலும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர், வீட்டுக்கு வந்த நண்பரிடம், "இவ புத்தகம் வாங்குதது படிக்கதுக்கு இல்லலே, தூசி தட்டுததுக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அதே ஆள், நான் அடுத்துப் படிக்க எடுத்து வைத்திருந்த துப்பறியும் நாவலை வேலைக்குக் கொண்டுபோய்ப் பாதிவரை படித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போனதும் கடைசி அத்தியாயத்தை பிளேடால் அறுத்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ஒளித்து வைத்தேன்.

மறுநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள், அவர் விளமீன் வாங்கி வந்து, அந்தச் செய்தித்தாள்களை விரித்து அவற்றின்மேல் வைத்து வெட்டி, செதிலும் குடலுமாகச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். அதோடு போய்விட்ட அத்தியாயத்தை நானும் இன்னும் படிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் படித்துவிட்டுத்தான் அறுத்தேன் என்று அவர் நினைக்கிறார். "ஏளா, யாரு கொன்னான்னு மட்டும் சொல்லிரு" என்று வாராவாரம் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து கெஞ்சுகிறார்.

"தூசி தட்டுதவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?" என்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்த பிறகுதான் பிளேடை எடுக்கிறேன்.