நெடி இல்லாத மிளகாய்க்கு ஐந்து நட்சத்திரம்

மதுரையில் ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்று முதுகுளத்தூர் பக்கம் சொந்த ஊருக்கு வந்தபோது, இனி யாருடைய கருத்தையும் படிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியோடுதான் வந்தேன். அந்தக் கோடையிலேயே என் அண்ணன் மனைவி கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, கருத்துக் கேளுங்க, கருத்துக் கேளுங்கன்னு இதுல வந்துக்கிட்டே இருக்கு. எப்படிக் கேக்கணும்?"

அண்ணனும் மதினியும் குண்டு மிளகாய் போடுகிறவர்கள். காய்ந்த மிளகாயை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்கு அனுப்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். முகத்தைச் சுளிப்பார். பிறகு விலை சொல்வார். எவ்வளவு நல்ல மிளகாயானாலும் அந்தச் சுளிப்பு மாறாது. மதினிக்கு அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்த ஆண்டு ஒரு விற்பனைச் செயலியில் தானே கடை திறந்துவிட்டார். அண்ணன் தடுக்கவில்லை, கெடு வைத்தார்.

"ஆடி பொறக்குற வரைக்கும் பாரு. போகலேன்னா அம்புட்டு மூட்டையும் கமிஷன் கடைக்கு. அதுக்கு மேல வச்சிருந்தா நிறம் வெளுத்துப் போகும். அதோட இந்தக் கடைய மூடிறணும்."

மதினி சரி என்றார். சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள் சிலர் வாங்கினார்கள். பொட்டலம் போய்ச் சேர்ந்தது. யாரும் ஒரு வரி எழுதவில்லை. கருத்து விழாத கடையைச் செயலி கடைசி வரிசைக்குத் தள்ளிவிடும்; அங்கே புதியவர்கள் கண்ணில் படாது. எனக்கு இதில் வியப்பில்லை. திருப்தியான வாசகர் கடிதம் எழுதுவதில்லை. இன்றைய பேப்பர் நேரத்துக்கு வந்தது, நன்றி என்று என் மேசைக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

அனுபவம் உள்ளவன் என்பதால் வேண்டுகோளை நானே எழுதினேன். 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, எங்கள் மிளகாய் குறித்த தங்களது மேலான கருத்துகளை ஆவலுடன் எதிர்நோக்குகிறோம்' என்று தொடங்கியது. படித்துக் காட்டினேன். மதினி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு தம்பி."

சுருக்கினேன். 'மிளகாய் எப்படி இருந்தது? நட்சத்திரம் இடுங்கள்.' இதைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"பந்தியில உக்காந்திருக்கவுககிட்டப் போயி, கொழம்பு நல்லா இருக்கா, கொழம்பு நல்லா இருக்கான்னு கேப்பாகளா? நல்லா இல்லேன்னு எப்படிச் சொல்லுவாக? கழுத்தப் புடிச்சுப் புகழச் சொல்ற மாதிரில்ல இருக்கு?"

"பின்னே என்ன கேப்பீக?"

"இன்னுங்கொஞ்சம் ஊத்தவான்னு கேப்போம். வேணும்னாகன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். இலைய மூடிட்டாகன்னா அவுகளுக்கு வயிறு சரியில்லேன்னு அர்த்தம்."

சமைத்தவருக்கு எந்த வகையிலும் பழி வராத ஏற்பாடு இது. எங்கள் பக்கத்து விருந்துகளில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். பரிமாறுகிறவர் வாயைப் பார்க்க மாட்டார், இலையைத்தான் பார்ப்பார். ஆனால் செயலியில் இலை கிடையாது. அதைச் சொன்னேன். சரி, ஃபோன் போட்டுப் பேசிக்கொள்கிறேன் என்றார்.

பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். புதுமடத்திலிருந்து போய்ச் சென்னையில் இருக்கும் ஓர் அம்மாவிடம் மீன் விலையில் தொடங்கி, அங்கே கிடைக்கும் மீனில் உயிர் இல்லை என்பதில் இருவரும் ஒத்துப்போய், மகள் பிரசவத்துக்கு வந்திருப்பது வரை போயிற்று. நடுவில் ஒரே ஒருமுறை மிளகாய்ப் பேச்சு வந்தது. அந்த அம்மாவே, "அல்ஹம்துலில்லாஹ், மீன் ஆணத்துக்கு நல்லா இருக்கும்மா" என்று தன் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னார். அது போதுமே, அதையே எழுதச் சொல்லலாமே என்று நான் கையைக் காட்டினேன். மதினி என் கையைத் தட்டிவிட்டுப் பேச்சை முடித்தார்.

"ஏன் மதினி கேக்கல?"

"பிள்ளைத்தாச்சிய வீட்டுல வச்சிருக்காக. அந்த நேரத்துல ஸ்டாரு குடு, ஸ்டாரு குடுன்னு நிப்பாகளா?"

இப்படி எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் வீட்டில் காய்ச்சல், ஒருவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், இன்னொருவர் குரலே சரியில்லை.

ஆனி பாதியில், கேட்காமலே முதல் கருத்து வந்தது. எழுதியவர் கமுதிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போய், சிறிதாகத் தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு பெண். ஐந்து நட்சத்திரம். மதினி கண்ணாடியைத் தேடும் பொறுமை இல்லாமல் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

'ரொம்ப நல்ல மிளகாய். அடுப்பில் போட்டேன், நெடியே வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இப்போதுதான் மனசு நிம்மதியாக இருக்கிறது. எல்லாரும் வாங்குங்கள்.'

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் நல்ல கருத்து என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அதை வேறு மாதிரிப் படிக்க யாரும் இல்லை. திருஷ்டி கழிக்க, காய்ந்த மிளகாயையும் உப்பையும் சுற்றி நெருப்பில் போடுவோம். சாதாரணமாக ஒரு மிளகாய் நெருப்பில் விழுந்தால் வீடே இருமும். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது கணக்கு. திருப்பூர்ப் பெண் புதுத் தையல் மிஷின்கள் இறக்கியிருந்தார். ஊர்க் கண் பட்டு அவை அடிக்கடி நின்றன. எங்கள் மிளகாயைச் சுற்றிப் போட்டார். துளி நெடி இல்லை. அவரைப் பொறுத்தவரை மிளகாய் செய்ய வேண்டிய வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டது. திருஷ்டி என்ற ஒரு சொல்லைத்தான் எழுதாமல் விட்டிருந்தார். மிளகாயை வேறெதற்காக அடுப்பில் போடுவார்கள்?

செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அது என் கண்ணில் படவில்லை. பெங்களூரில் இருந்த ஒருவர் கண்ணில் பட்டது. 'நெடி இல்லாத மிளகாயை எதற்கு வாங்க வேண்டும்?' என்று கீழே கேட்டிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர், 'சாயம் போட்டதாக இருக்கும்' என்று பதில் சொல்லியிருந்தார். வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு ஆர்டரும் நின்றுபோயிற்று. கடையைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த ஐந்து நட்சத்திரமும் 'நெடியே வரவில்லை'யும்தான்.

"கூப்பிட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க மதினி."

"அஞ்சும் குடுத்தவள்கிட்டயா? சேலை எடுத்துக் குடுத்தவுகளப் பாத்து, இந்தக் கலரு ஆகாது, வேற எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவீகளா?"

இருந்தாலும் கூப்பிட்டார். மிஷின்களை விசாரித்தார். நூல் விலையை விசாரித்தார். சந்தோசம் தங்கச்சி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடிக்கு இன்னும் சில நாள்தான். கமிஷன் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டார். மதினி, அனுப்புவதற்காக வாங்கி வைத்திருந்த வெறும் பைகளை அடுக்கிப் பரணில் ஏற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"அப்படி என்னலே எழுதியிருக்கா அந்தத் திருப்பூருக்காரி?"

படித்துக் காட்டினேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

"எம் மிளகாயிலயா நெடி இல்ல?"

"அது திருஷ்டிக்குப் போட்டதுண்ணே. அவுக பாராட்டித்தான்..."

"திருஷ்டி அவளோடது. மிளகா என்னோடது. ஃபோனப் போடு."

போட்டேன். ஸ்பீக்கரையும் போட்டேன். பின்னணியில் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம்.

"தாயி, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து பேசுறேன். மிளகா போட்டவன்."

"அண்ணே! நல்லா இருக்கீகளா? அக்கா அன்னைக்குத்தானே பேசுனாக?"

"நெடியே இல்லேன்னு எழுதியிருக்கியாமே?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆமாண்ணே, பொட்டு நெடி இல்ல! அம்புட்டுத் திருஷ்டி!"

"இப்பப் போயிருச்சா?"

"எல்லாம் போயிருச்சு. மிஷினெல்லாம் சும்மா பறக்குது."

"நல்லது. இப்ப ஒரு கை மிளகா எடு. எதையும் சுத்தாத. சும்மா அடுப்புல போடு. நான் லைன்லயே இருக்கேன்."

"இப்பவாண்ணே? பிள்ளைக தச்சுக்கிட்டிருக்காக."

"தைக்கட்டும்."

அந்தப் பெண்ணும் கமுதிப் பக்கத்தில் பிறந்தவர்; அண்ணே என்று கூப்பிட்டுவிட்ட பிறகு அவரால் பேச்சைத் தட்ட முடியவில்லை. டீ போடும் அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிஷின்கள் மட்டும் ஓடின. அண்ணன் கைப்பேசியைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார்.

எங்கேயோ தள்ளி ஒருவர் இருமினார். இன்னொருவர் தும்மினார். ஒரு மிஷின் நின்றது. அடுத்தது நின்றது. "ஏ, சன்னலத் தொறங்கடி!" என்று ஒரு குரல். நாற்காலிகள் இழுபட்டன. கடைசி மிஷினும் நின்றபோது, அத்தனை பேர் இருமலுக்கு நடுவில், "அண்ணே... போதும்ணே..." என்றார் திருப்பூர்ப் பெண்.

அண்ணன் அவசரப்படவில்லை. இந்த வீட்டில் இத்தனை வாரமாக யாராலும் கேட்க முடியாத கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"மிளகா எப்படித் தாயி இருக்கு?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. மதினி கைப்பேசியைப் பிடுங்கி, "தங்கச்சி, வெளிய போயி நில்லுங்க, மோர் இருந்தா குடிங்க. இந்த மனுசனுக்கு விவஸ்தையே இல்ல" என்று அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலையில் கருத்து மாறியிருந்தது.

'முன்னால் எழுதியது திருஷ்டி கழித்தபோது. நேற்று சும்மா அடுப்பில் போட்டோம். யூனிட்டில் இருந்த அத்தனை பேரும் ரோட்டுக்கு ஓடிவிட்டோம். பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். கண் படக் கூடாது என்று ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன்.'

நான்கு நட்சத்திரம்தான் இருந்தது. அந்த ஒன்றையும் கேட்டு வாங்கிவிடலாமே என்றேன். குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எம்புட்டு நல்ல மனசு அவளுக்கு" என்றார் மதினி. "அஞ்சு இருந்தப்பவே எனக்குத் திக்குனுதான் இருந்துச்சு."

பெங்களூர்க்காரர் முதல் ஆளாக ஆர்டர் போட்டார். அடுத்த இரண்டு நாளில், பரணில் ஏற்றிய பைகளை நான்தான் ஏணி போட்டு இறக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கமிஷன் கடைக்காரர் வந்தார். வழக்கம்போல் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார், முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, நெடி ஏறுதா?" என்றார் அண்ணன்.

"நெடிக்கு என்னய்யா கொறச்சல்? ஆனா விலைதான்..."

"கொறச்சல் இல்லேல்ல? அதச் சொன்னியே, போதும். இந்த வருசம் நாங்களே வித்துக்கிறோம்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த மிளகாயைத் திரும்ப மூட்டைக்குள் போட்டார். வெயிலில் அவ்வளவு தூரம் வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்று மதினி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தை மதினி நன்றாகப் பார்த்தார்.

"இன்னுங்கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்துங்கம்மா" என்று செம்பை நீட்டினார்.