செந்தலைப் பெட்டை

ஆண் என்று நூஹு எழுதிவைத்திருந்த குருவி முட்டையிட்டது.

உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் நிறுவை எழுதி ஓய்வு பெற்ற மனிதர் அவர். இப்போது கண்டக்குழி ஊரில் தன் வீட்டின் பின்புறம் கோல்டியன் என்ற வண்ணக் குருவிகள் வளர்க்கிறார். எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, என்றைக்குப் பொரித்தது, தகப்பன் எது, தாய் எது எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கும்.

கொப்பியின்படி இது நடக்கக்கூடாத காரியம். கருந்தலைச் சேவலைச் செந்தலைப் பெட்டையோடு சேர்த்தால் ஆண் குஞ்செல்லாம் செந்தலை, பெண் குஞ்செல்லாம் கருந்தலை. அதனால்தான் அப்படிச் சேர்த்த சோடியின் குஞ்சு ஒன்றின் தலை சிவந்த அன்றே ‘ஆண்’ என்று எழுதினார். நெஞ்சின் ஊதா பெட்டையினதைப் போல வெளிறியிருந்ததைக் கண்டும், இளசுதானே என்று விட்டுவிட்டார்.

அப்படியானால் குஞ்சை யாரோ மாற்றியிருக்கிறார்கள். சந்தேகம் நேரே, ஊரில் லொட்ஜ் நடத்தும் இப்ஹாமிடம் போய் நின்றது. போன நோன்பில் நூஹு கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாப் இருந்தபோது, குருவிகளுக்குத் தீன் போட்டவன் அவன்தான். பெருநாளுக்குப் பிறகும் குருவிக்கூட்டுப் பூட்டின் திறப்பு அவனிடமே இருந்தது. அவனுடைய லொட்ஜ் முற்றத்திலும் செந்தலைக் குருவிகள் உண்டு. கருந்தலைச் சேவலின் மகள் ஒன்றைத் தரும்படி இரண்டு தரம் கேட்டும் இருந்தான்.

நூஹு திறப்பைத் திருப்பி வாங்கினார். அவன் சொன்ன சலாத்துக்குப் பதிலை வாய்க்குள்ளேயே சொன்னார். ‘குஞ்சு மாறியது, இப்ஹாம்’ என்று கொப்பியில் எழுதினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய பள்ளிவாசல் நிருவாகத்திடம் முறையிடப்போவதாக மனைவி சித்தி லெய்லாவிடம் சொன்னார்.

சித்தி லெய்லா சோற்றுக் கோப்பையை மெதுவாக வைத்தாள்.

“அந்தப் புள்ளய விடுங்க. நான்தான் செஞ்ச.”

அவர் இஃதிகாப் இருந்த நாளொன்றில் தண்ணீர் மாற்றும்போது அவள் கைபட்டு ஒரு முட்டை உடைந்திருக்கிறது. பக்கத்துச் செந்தலைச் சோடியின் கூட்டிலிருந்து ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

“ஏன் சொல்லல்ல?”

“நாலு எண்டு எழுதிட்டுத்தானே போனீங்க. மூணு இருந்தா ஒரு கிழமைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பீங்க.”

பக்கத்துக் கூட்டில் ஒரு முட்டை குறைந்ததும் கொப்பியில் இருந்தது. எறும்பு என்று அவரே காரணம் எழுதியிருந்தார்.

“இது மட்டுந்தானா?”

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நூஹு நிருவாகத்திடம் போகவில்லை, லொட்ஜுக்குப் போனார். இப்ஹாமின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டு, ‘பிழை என்னுடையது, அவன் கை படவில்லை’ என்று பக்கத்தில் எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தார். நடந்ததைச் சொல்லிக் கொப்பியை நீட்டினார்.

இப்ஹாம் அதை இரண்டு தரம் வாசித்தான்.

“வேற எங்கயும் என்ட பேர் இருக்கா, நூஹு நானா?”

“இல்ல.”

“சரி.”

ஒரு கதிரையை இழுத்து அவன் மட்டும் உட்கார்ந்தான். கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து, வரி வரியாக வாசிக்கத் தொடங்கினான்.