தண்ணீர் தெளித்த மூட்டை

கிளியூர் வெள்ளையம்மாள் புருஷன் போன பிறகும் அரை ஏக்கர் மிளகாயை வைத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். வாயும் சுறுசுறுப்பு, கையும் சுறுசுறுப்பு. மூட்டை கட்டுமுன் காய்ந்த மிளகாய்மேல் நாலு கை தண்ணீர் தெளிப்பாள், எடை கூடுவதற்கு. ஒண்டிக்கடை முக்கில் மிளகாய் வாங்கும் வியாபாரி தராசில் ஏமாற்றுவான், இவள் தண்ணீரில் ஏமாற்றுவாள். சரிக்குச் சரி என்பது அவள் நியாயம்.

எண்பத்திரண்டாம் வருடம், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரியதாஸ் ஐந்து குடும்பங்களை ஒன்று சேர்த்தார். மலைமேல் பனியில் மிளகாய் சரியாகக் காய்வதில்லை. அடிவாரத்துப் பாறையில் காயவைத்து, ஒரே சரக்காகச் சேலம் மண்டிக்குக் கொண்டுபோனால் நல்ல விலை வரும் என்றார். தண்ணீர் மட்டும் படக்கூடாது. எல்லோருக்கும் முந்தித் தலையாட்டியவள் வெள்ளையம்மாள்தான்.

பழகின கை சும்மா இருக்குமா? மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத் தன் மூட்டைக்குத் தெளித்துவிட்டாள். லாரி கிடைக்காமல் மூட்டைகள் ஒரு வாரம் கிடந்தன. மண்டிக்காரர் முதலில் பிரித்ததே அவள் மூட்டையைத்தான். உள்ளே விட்ட கை பூசணத்தோடு வந்தது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதாதா? மற்ற மூட்டைகளை அவர் பிரிக்கவே இல்லை; மொத்தத்தையும் கழிவு விலைக்குக் கேட்டார். அந்தச் சரக்கை நம்பித்தான் அடுத்த காட்டு அத்தாயி மகனை ஹாஸ்டலில் விட்டிருந்தாள். பணம் கட்ட முடியாமல் பையன் வீடு திரும்பினான்.

பாறையில் மூட்டைகள் கிடந்த வாரம் தூறியபோது மரியதாஸ் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டவில்லை என்று பஸ்ஸில் பேச்சு வந்தது. அவர் மறுக்கவில்லை. வெள்ளையம்மாள் வாயில் கொழுக்கட்டை. அந்த வருடம் முழுக்க அத்தாயி எதிரே வந்தால் இவள் வேறு தடம் பிடித்தாள். அத்தாயி கீரை கொடுத்தனுப்பினால் சமைக்காமல் வாடவிட்டாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறு வருடம் மரியதாஸ் மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார். மூட்டை ஏறும்வரை பாறையில் காவலுக்கு யார் என்று கேள்வி வந்தது. வெள்ளையம்மாள் அக்காவே நிற்கட்டும் என்றார் அவர்.

“எனக்கெதுக்குங்க ரைட்டரே அந்தப் பொறுப்பு?”

“தண்ணி பட்ட மொளகா எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத்தானுங்க நொம்ப நல்லாத் தெரியும்.”

குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். வெள்ளையம்மாள் அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.