ஆடியில் வந்த வீடு

ஆடி மாதத்தில் பிரிட்ஜ் வாங்கலாம், வீடு வாங்கக்கூடாது. எங்கள் குடும்பத்தில் இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவரின் அண்ணன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் விருத்தாசலத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. பென்ஷன் கிடையாது. வேலையை விட்ட மறுநாள் ஒரு முழம் பூவுக்குக்கூட யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அதனால்தான் மாதாமாதம் வாடகை வரும்படியாக ஒரு வீடு, என் பெயரில், வாங்க நினைத்தேன். சீட்டுப் பணமும் அம்மா வீட்டுப் பங்கும் கையில் இருந்தன.

முதல் தடவை என்பதால் எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலில் கல் நட்டு, வாசலில் வளைவு கட்டி மனை விற்றார்கள். வேனில் அழைத்துப்போய்ச் சாப்பாடும் போட்டார்கள். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது. மங்கலம்பேட்டைக் கடைத்தெரு நல்ல இடம்தான், ஆனால் வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊரில் விலை எனக்கு எட்டவில்லை. எங்கள் ஜங்ஷன் பக்கமோ, மாற்றலாகி வரும் ரயில்வேக்காரர்கள் எப்போதும் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருபவர்களும் அப்படித்தான். காலி மனை விலை ஏறும் என்று காத்திருக்க எனக்கு வசதியில்லை. ஜங்ஷனுக்குப் பின்னால் இரண்டு குடித்தனம் வைக்கிற வீடு என்று நானேதான் முடிவு செய்தேன்.

அப்படி ஒரு வீடு கிடைத்தது. வில்லங்கம் இல்லை. விற்பவர் தன் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகும் அவசரத்தில் இருந்ததால் விலையும் படிந்தது. ஆனால் அப்போது ஆடி பாதிக்கு மேல் போயிருந்தது.

என் கணவர் அண்ணனைக் கேட்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டார். அண்ணன் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏம்மா, ஆடியில எவனாவது பத்திரம் போடுவானா? ஆடிப்பெருக்கும் தாண்டிப்போச்சு. ஆவணி பொறக்கட்டும்."

"விக்கிறவரு அவசரத்துல இருக்காருங்க மாமா. வேற யாராவது வந்துட்டா?"

"ஆடியில எவன் வருவான்?"

வந்தார். மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் வேலை, லீவு முடிவதற்குள் ஏதாவது வாங்கிப்போட வேண்டியவர். அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஒரே வாரத்தில் பத்திரம் முடித்துவிட்டார். அவர்மேல் எனக்கென்ன கோபம்? அதே வாரம் ஆடித் தள்ளுபடியில் பிரிட்ஜ் வாங்கித் தன் வீட்டு வாசலில் இறக்கிய அண்ணன்மேல்தான் கோபம். அதற்குப் பொட்டும் பூவும் வைத்துக் கற்பூரம் வேறு காட்டினார்கள்.

"நல்லா கொறச்சுக் குடுத்தாம்மா" என்றார் என்னிடமே, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆவணி பிறந்ததும், நான் சேத்தியாத்தோப்பு மனையை வாங்க அண்ணனே நாள் குறித்துக்கொண்டு வந்தார். முடியாது என்றேன். பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்றார். ஐப்பசி மழையில் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். நட்ட கல் ஒன்றும் கண்ணில் படவில்லை, வளைவு மட்டும் தண்ணீரில் நின்றது. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. போன வீடு போனதுதான்.

இந்த வருஷம் பீங்கான் கம்பெனிகள் பக்கம் இன்னொரு வீடு வந்தது. அதைவிடச் சின்னது, விலை மட்டும் அதே விலை. மறுபடியும் ஆடி. புரோக்கரே தயங்கினார்.

"ஆவணியில வெச்சுக்கலாங்களா மேடம்?"

"நாளைக்கே பத்திரத்துக்கு டோக்கன் போடுங்க" என்றேன்.

பதிவு அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. மத்தியானத்துக்குள் கைரேகை வைத்து, என் பெயரில் வீடு பதிவாகிவிட்டது. வெளியே வந்ததும் என் கணவர் செல்லை எடுத்தார்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமே? அப்பறம் கோவிச்சுக்குவாரு."

"ஆவணி பொறக்கட்டுங்க" என்றேன்.